கஷுவல் என்றொரு சொல்

(எமது வானொலியின் 'சொல்லும் பொருளும்' பகுதியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கின்றேன். அந்தச் சொல் 'கஷுவல்'. அகராதி எடுத்துப் பார்க்கவேண்டிய சொல் அல்ல. எங்கள் வீடுகளில் பாட்டிமார் வரை அது பழகிப்போன சொல். "மகன் யூனிவர்சிற்றி போறான், பின்னேரத்திலை கஷுவலா வேலை செய்யிறான்." "நான் இன்னும் கஷுவல் தான், பேமனன்ற் தரேல்லை." இப்படி நாளாந்தம் புழங்குகின்றோம். பழகிய சொல் என்பதாலேயே அதன் பொருளை யாரும் கேட்பதில்லை.

நான் தொழிலால் கணக்காளன். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருமானவரிப் படிவம் நிரப்ப வருகின்ற எங்கள் ஆட்களோடு மேசைக்கு எதிரெதிரே இருந்து பேசுபவன். கடந்த பல வருடங்களாக அந்த மேசையில் நான் கவனித்த ஒன்று உண்டு. "உங்களுக்கு இது கிடைக்கவேண்டுமே, ஏன் கேட்கவில்லை?" என்று கேட்டால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் சொல்லுகின்ற பதில் ஒன்றுதான்: "அண்ணை, நான் கஷுவல் தானே." அந்த 'தானே' என்ற இரண்டெழுத்துக்குள் எத்தனை ஆயிரம் டொலர் போய் மறைகின்றது என்பதை நினைத்துத்தான் இந்த உரையை எழுதினேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'கஷுவல்' இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனில் 'காசுஸ்' என்றால் விழுதல், அதாவது தானாக வந்து விழுவது, தற்செயலாக நேர்வது. மரத்திலிருந்து மாங்காய் விழுவது போல. எப்போது விழும், யார் தலையில் விழும் என்று தெரியாது. அதே வேரிலிருந்து பிறந்த உடன்பிறப்புக்கள் பல. விபத்தைக் குறிக்கும் 'அக்சிடென்ற்' அந்தக் குடும்பம். சந்தர்ப்பத்தைக் குறிக்கும் 'ஒக்கேஷன்' அந்தக் குடும்பம். பிறகு 'கஷுவல்ற்றி'. ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவை நாங்கள் ஊரில் அப்படித்தான் சொன்னோம். போர்ச் செய்திகளில் செத்தவர்கள், காயப்பட்டவர்கள் தொகையைச் சொல்வதற்கும் அதே சொல்தான். எங்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆக, 'கஷுவல்' என்பதன் அடிப்படைப் பொருள் 'நேர்ந்தால் உண்டு, நேராவிட்டால் இல்லை' என்பது. காலப்போக்கில் அதற்கு இன்னும் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்று, 'இடைக்கிடை நடப்பது'. மற்றது, 'பெரிதாக எடுக்காதது, இலேசானது'. கலியாண அழைப்பிதழில் 'ஸ்மார்ட் கஷுவல்' என்று அடித்திருந்தால் ரை கட்டத் தேவையில்லை என்று அர்த்தம். "கஷுவலாக் கேட்டன்" என்று நாங்களும் சொல்கின்றோம். சும்மா கேட்டேன், யோசிக்கவேண்டாம் என்று பொருள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. உடுப்புக்கும் பேச்சுக்கும் உரிய 'இலேசானது' என்ற பொருளை நாங்கள் வேலைக்கும் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டோம். கஷுவல் வேலை என்றால் அரை வேலை, பாதி உரிமை, கேள்வி கேட்கமுடியாத வேலை என்று மனதில் பதிந்துவிட்டது. சட்டத்தில் அந்தப் பொருள் இல்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்? 'தற்காலிகம்' என்று பலர் எழுதுகின்றார்கள். அது சரியாகாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிவுத் திகதி போட்டு வைத்திருப்பவர்தான் தற்காலிக ஊழியர். கஷுவல் ஊழியருக்கு முடிவுத் திகதி இல்லை, நாளைய திகதியும் இல்லை. 'நாட்கூலி' என்றாலும் பொருந்தாது. தமிழ்நாட்டில் கஷுவல் லீவைத் 'தற்செயல் விடுப்பு' என்கின்றார்கள். இலங்கை அரசாங்கக் கடிதங்களில் வரும் சொல் 'அமய'. அமய ஊழியர், அமய விடுமுறை என்று படித்திருப்பீர்கள். அமயம் என்றால் சமயம், சந்தர்ப்பம். 'ஒக்கேஷன்' என்பதும் 'கஷுவல்' என்பதும் ஒரே வேர் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தவர் விசயம் தெரிந்தவர்.

இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான சரித்திரமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைகளுக்கான வேலை இல்லங்களில் 'கஷுவல் வார்ட்' என்று ஒரு பகுதி இருந்தது. வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிபவர்கள் ஓரிரவு படுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கல்லுடைத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அவர்களுக்குப் பெயரே 'கஷுவல்ஸ்'.

அதே காலத்தில் இலண்டன் துறைமுகத்தில் காலையில் வாசலில் ஆட்கள் குவிந்து நிற்பார்கள். மேற்பார்வையாளர் விரலை நீட்டி "நீ வா, நீ வா" என்று எடுப்பார். எடுபட்டவருக்கும் சில சமயம் ஒரு மணித்தியால வேலைதான். 1889இல் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணித்தியாலத்துக்கு ஆறு பென்ஸ் கூலி வேண்டும், கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணித்தியால வேலை தரவேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானவை. அந்தப் போராட்டம் வென்றதற்குக் கடல் கடந்து அவுஸ்திரேலியாவிலிருந்து போன பணமும் ஒரு பெரிய காரணம். ஏறத்தாழ 30,000 பவுண் இங்கிருந்து சேர்த்து அனுப்பினார்கள். இன்று இங்கே பல 'அவார்ட்'டுகளில் கஷுவல் ஊழியரைக் கூப்பிட்டால் குறைந்தது இரண்டு அல்லது மூன்று மணித்தியாலச் சம்பளம் தரவேண்டும் என்று இருக்கின்றது. கோரிக்கை அன்றையதுதான், மணித்தியாலம் மட்டும் குறைந்திருக்கின்றது.

சிட்னித் துறைமுகத்திலும் இதே கதைதான். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் ஒரு நாள் வேலைக்காக ஆட்கள் இறங்குதுறை இறங்குதுறையாக நடந்து திரிந்த வீதிக்குப் 'பசி மைல்' என்றே பெயர் வந்தது. இன்று அந்தப் பக்கம் உயர்ந்த கட்டடங்களும் உணவகங்களுமாக இருக்கின்றது. காலையில் கைத்தொலைபேசியைப் பார்த்து, "இண்டைக்கு ஷிப்ட் மெசேஜ் வந்திட்டுதோ?" என்று காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளை நினைக்கும்போது, அந்த வாசல் இன்னும் முற்றாக மூடப்படவில்லை என்றுதான் தோன்றுகின்றது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அவுஸ்திரேலியாவில் வேலை செய்யும் ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கஷுவல். அப்படியிருந்தும் 2009ஆம் ஆண்டு வந்த 'ஃபெயர் வேர்க்' சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கொடுக்கப்படவில்லை. எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டுவிட்டார்கள் போலும். தெரியவில்லை என்பது நீதிமன்றத்தில்தான் வெளிவந்தது.

குவீன்ஸ்லாந்துச் சுரங்கத்தில் லொறி ஓட்டிய ஒருவருக்கு ஒரு வருடத்துக்கான றோஸ்ரரை முன்கூட்டியே கையில் கொடுத்திருந்தார்கள். நீண்ட நேர ஷிப்ட். பெயர் மட்டும் கஷுவல். 2018இல் சமஷ்டி நீதிமன்றத்தின் முழு அமர்வு, இவர் உண்மையில் கஷுவல் அல்ல, வருடாந்த லீவுக்கு உரித்துடையவர் என்று சொன்னது. 2020இல் இன்னொரு சுரங்கத் தொழிலாளியின் வழக்கிலும் அதே முடிவு. ஆனால் 2021 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த இரண்டாவது தீர்ப்பை மாற்றியது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைத்தான் பார்க்கவேண்டும், பிறகு நடந்த நடைமுறையை அல்ல என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் மார்ச்சில் பாராளுமன்றமும், வேலைக்கு எடுக்கும் நேரத்தில் கொடுத்த வாக்குறுதியை மட்டும் வைத்துத் தீர்மானிக்கும்படி ஒரு விளக்கத்தைச் சட்டத்தில் சேர்த்திருந்தது. அதாவது, முதல்நாள் கடதாசியில் 'கஷுவல்' என்று சரியாக எழுதிவிட்டால், பத்து வருடம் ஒழுங்காக வேலை செய்தாலும் கஷுவல்தான்.

அந்த நிலை 2024 ஓகஸ்ட் 26ஆம் திகதி மாறியது. அன்று நடைமுறைக்கு வந்த புதிய விளக்கத்தை எளிய தமிழில் சொல்கின்றேன். ஒருவர் கஷுவல் ஆவதற்கு இரண்டு விடயங்கள் வேண்டும். ஒன்று, தொடர்ந்து வேலை தருவேன் என்ற உறுதியான முன்வாக்கு முதலாளியிடமிருந்து இல்லாதிருக்க வேண்டும். இரண்டு, கஷுவலுக்குரிய மேலதிகக் கொடுப்பனவோ விசேட சம்பள வீதமோ அவருக்கு உரித்தாக இருக்கவேண்டும். முன்வாக்கு உண்டா இல்லையா என்பதைக் கடதாசியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. உண்மையில் நடப்பது என்ன என்றும் பார்க்கவேண்டும். வேலை வந்தால் மாட்டேன் என்று சொல்ல உங்களால் முடிகின்றதா? அந்த வேலை இனியும் தொடர்ந்து இருக்கக்கூடியதா? உங்களுக்குப் பக்கத்தில் அதே வேலையை நிரந்தர ஊழியர் ஒருவர் செய்கின்றாரா? உங்கள் வேலை நாட்களும் நேரமும் ஓர் ஒழுங்கில் வருகின்றனவா? இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு வராது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இப்போது கணக்காளன் பேசுகின்றேன். கஷுவல் ஊழியருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவு பெரும்பாலான அவார்ட்டுகளில் 25 வீதம். அது முதலாளி விரும்பித் தரும் போனஸ் அல்ல. சம்பளத்தோடு வருடாந்த லீவு இல்லை, சுகயீன லீவு இல்லை, வேலையால் நிற்பாட்டும்போது முன்னறிவித்தல் இல்லை, ஆட்குறைப்பு நட்டஈடு இல்லை. இவற்றுக்குப் பதிலாகத்தான் அந்த 25 வீதம்.

அது ஈடாகின்றதா என்று பார்ப்போம். ஒரே வேலை. நிரந்தர ஊழியருக்கு மணித்தியாலம் 28 டொலர், கஷுவலுக்கு 35 டொலர் என்று வைப்போம். வாரம் 38 மணித்தியாலம். நிரந்தர ஊழியருக்கு வருடத்தின் 52 வாரமும் சம்பளம் வருகின்றது: 55,328 டொலர். அவர் நான்கு வாரம் வருடாந்த லீவும், இரண்டு வாரம் சுகயீன லீவும் எடுத்து, பொது விடுமுறை நாட்கள் பத்தும் வீட்டில் நின்றார் என்று வையுங்கள். கஷுவல் ஊழியரும் அதே எட்டு வாரம் வேலைக்குப் போகவில்லை என்றால் அவர் கையில் 44 வாரச் சம்பளம்: 58,520 டொலர். வித்தியாசம் 3,192 டொலர். வாரத்துக்கு 61 டொலர்.

மணித்தியாலத்துக்கு ஏழு டொலர் கூட என்று பார்க்கும்போது பெரிதாகத் தெரிந்தது, வருடக் கடைசியில் வாரம் 61 டொலராகச் சுருங்கிவிட்டது. அதுவும் மிச்ச 44 வாரமும் தவறாமல் வேலை வந்தால்தான். தொழிற்சாலையில் ஓடர் குறைந்து இரண்டரை வாரம் கூப்பிடாமல் விட்டால் அந்த 3,192 டொலரும் போய்விடும்.

ஆகவே கஷுவல் வேலை கூடாது என்று சொல்ல வரவில்லை. படிக்கின்ற பிள்ளைக்கு, சோதனைக் காலத்தில் "இந்தக் கிழமை வரமாட்டேன்" என்று சொல்லும் சுதந்திரம் பெரிது. சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கும் அப்படியே. அவர்களுக்கு அந்த 25 வீதம் இலாபம். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒரே நேரம், ஒரே இடம் என்று ஆறு ஏழு வருடமாகப் போய்வருபவருக்கு அந்தச் சுதந்திரம் எங்கே இருக்கின்றது?

எங்கள் ஆட்களிடையே பரவியிருக்கும் சில பிழையான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்கின்றேன்.

முதலாவது, 'கஷுவல்' என்பதும் 'காஷ்' என்பதும் ஒன்று என்ற எண்ணம். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்பது உண்மை. "கஷுவல் வேலை தாறன்" என்று சொல்லி, கையில் காசாகக் கொடுத்து, பே ஸ்லிப் இல்லாமல், வரி கழிக்காமல் வைத்திருக்கும் முதலாளிமார் இருக்கின்றார்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. சம்பளத்தைக் காசாகக் கொடுப்பது தன்னில் குற்றமல்ல. ஆனால் காசாகக் கொடுத்தாலும் வரி கழிக்கவேண்டும், சம்பளம் கொடுத்து ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கொடுக்கவேண்டும். பே ஸ்லிப் இல்லாத வேலை ஒளிப்பு வேலை. அதற்குக் கஷுவல் என்ற பெயரைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கஷுவலுக்குச் சுப்பர் இல்லை என்பது. முன்னர் ஒரு முதலாளியிடம் மாதம் 450 டொலருக்குக் குறைவாக உழைத்தால் சுப்பர் கட்டத் தேவையில்லை என்றிருந்தது. அந்த விதி 2022 யூலை 1இல் நீக்கப்பட்டது. இப்போது 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு முதல் டொலரிலிருந்தே சுப்பர் உண்டு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வாரம் 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் உண்டு. 2025 யூலை 1 முதல் வீதம் 12.

மூன்றாவது, கஷுவலை எந்த நேரமும் காரணமின்றித் துரத்தலாம் என்பது. முன்னறிவித்தல் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒழுங்காகத் தொடர்ந்து வேலை செய்த கஷுவல் ஊழியர், ஆறு மாதம் கடந்திருந்தால், நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிராக முறையிடலாம். 15 பேருக்குக் குறைந்த சிறு நிறுவனமானால் 12 மாதம். கவனிக்கவேண்டியது, நீக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். "தெரிஞ்ச ஆளைக் கேட்டுப்பாப்பம்" என்று திரிந்தால் 21 நாள் பறந்துவிடும்.

நான்காவது, கஷுவலுக்கு நீண்டகாலச் சேவை லீவு இல்லை என்பது. எங்கள் விக்ரோறியா மாநிலத்தில் ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாக ஏழு வருடம் செய்த கஷுவல் ஊழியருக்கும் அது உண்டு. துப்புரவு ஒப்பந்த வேலை, காவல் வேலை, சமூக சேவை வேலை செய்பவர்களுக்கு இன்னுமொரு வசதி. 2019 யூலை முதல் இருக்கும் திட்டத்தின்படி முதலாளி மாறினாலும் அந்தத் துறையில் செய்த வருடங்கள் சேர்ந்து எண்ணப்படும். இரவில் அலுவலகம் துப்புரவாக்கும் எங்கள் அண்ணைமாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஐந்தாவது, விசா சம்பந்தப்பட்டது. பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்கள், "எனக்கு விசாவே நிச்சயமில்லை, வேலையிலை என்ன கதைக்கிறது" என்று பேசாமல் இருக்கின்றார்கள். குறைந்தபட்சச் சம்பளமும், அவார்ட்டும், சுப்பரும் விசாவைப் பார்த்து மாறுவதில்லை. அகதி விண்ணப்பக்காரருக்கு ஒரு சம்பளம், குடியுரிமைக்காரருக்கு ஒரு சம்பளம் என்று சட்டத்தில் இல்லை.

ஆறாவதுதான் மிகவும் ஆபத்தானது. கஷுவலுக்கு வேலைத்தலத்தில் காயம் பட்டால் நட்டஈடு இல்லை என்ற நம்பிக்கை. இதற்கு ஒரு நேயரின் கதையைச் சொல்கின்றேன். அவரின் அனுமதி பெற்றே சொல்கின்றேன், பெயரும் வேலைத்தலமும் வேண்டாம்.

இந்த அக்கா குளிரூட்டிய உணவு பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடம் வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை. கிழமையில் ஐந்து நாள். தொடங்கியது கஷுவலாக, எட்டு வருடமும் கஷுவல். 2024இல் ஒருநாள் ஈர நிலத்தில் வழுக்கித் தோள்மூட்டில் அடி. சுப்பவைசர் ஐஸ் வைத்துக்கொடுத்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். அக்கா ஓய்வெடுத்தார். மூன்று கிழமை சம்பளமில்லை. உடற்பயிற்சி வைத்தியருக்குக் கைக்காசு கட்டினார். வரிப் படிவத்துக்காக என்னிடம் வந்தபோதுதான் அந்தப் பற்றுச்சீட்டுகளைக் காட்டி, "தம்பி, இதை வரியிலை கழிக்கேலுமோ?" என்று கேட்டார்.

"அக்கா, இது வரியிலை கழிக்கிற விசயமில்லை. வேர்க்கவரிலை கேட்கவேண்டிய விசயம்" என்றேன்.

"அது பேமனன்ற் ஆக்களுக்குத்தானே தம்பி."

இல்லை. கஷுவல், பகுதிநேரம், முழுநேரம் என்ற வேறுபாடு அங்கே இல்லை. ஊழியர் என்றால் ஊழியர். ஆனால் காயம் தெரியவந்து 30 நாட்களுக்குள் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அன்று இருபத்து நான்காவது நாள். அன்று பின்னேரமே அவருடைய மகன் படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஏற்றுக்கொண்டார்கள். வைத்தியச் செலவும், இழந்த சம்பளத்தின் பெரும்பகுதியும் கிடைத்தன. ஒரு கிழமை பிந்தியிருந்தால் அதே கோரிக்கைக்கு எவ்வளவு இழுபறிப்பட்டிருக்க வேண்டுமோ தெரியாது.

அந்தக் கதையில் என்னைத் தைத்தது வேறொன்று. பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார், 2023இல் ஊரில் தாயார் படுத்த படுக்கையாக இருந்தபோது போகவில்லை என்று. ரிக்கெற் காசு இருந்தது. "ரெண்டு கிழமை நிண்டா என்ரை ஷிப்டை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம் தம்பி. பிறகு கூப்பிடாயினம்." தாயார் கண்மூடிவிட்டார். அந்தியேட்டிக்கும் போகவில்லை. இங்கே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, அடுத்தநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனார். 'இலேசானது' என்று அகராதி சொல்லும் சொல்லின் பாரம் அது.

ஒரே வேலைக்கு எட்டு வருடம் போனவருக்கு இப்போது சட்டத்தில் ஒரு வழி இருக்கின்றது. ஆறு மாதம் வேலை செய்த கஷுவல் ஊழியர், தான் இனிக் கஷுவல் என்ற விளக்கத்துக்குள் வரவில்லை என்று நினைத்தால், நிரந்தரமாக்கும்படி முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்கலாம். சிறு நிறுவனமானால் 12 மாதம். சட்டம் வருவதற்கு முன்னரே வேலையில் இருந்தவர்களுக்கு இந்த வழி 2025 பெப்ரவரி 26 முதல் திறந்தது, சிறு நிறுவனங்களில் அதே வருடம் ஓகஸ்ட் 26 முதல். முதலாளி உங்களோடு கலந்து பேசி, 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுப்பதென்றால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டவேண்டும். பிணக்கு வந்து பேசித் தீராவிட்டால் ஃபெயர் வேர்க் ஆணைக்குழுவுக்குப் போகலாம். நிரந்தர ஊழியரை நிற்பாட்டிவிட்டு அதே வேலைக்குக் கஷுவலாக எடுப்பதற்கும் தடை இருக்கின்றது.

அந்த அக்கா 2025 மார்ச்சில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். றோஸ்ரர் படங்களைக் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருந்தது உதவியது. பதினெட்டாம் நாள் பதில் வந்தது, சம்மதம் என்று. மணித்தியாலச் சம்பளம் குறைந்தது. நான் முன்னர் சொன்ன கணக்கை அவருக்குத் தாளில் எழுதிக்காட்டியிருந்தேன், யோசித்துத்தான் முடிவெடுத்தார். வருடக் கடைசியில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, மூண்டு கிழமை லீவு சேர்ந்திருக்கு எண்டு பே ஸ்லிப்பிலை கிடக்கு. எடுத்தா உண்மையாச் சம்பளம் போடுவினமோ?" பதினைந்து வருடமாக இந்த நாட்டில் வேலை செய்யும் ஒருவர் கேட்ட கேள்வி அது. "போடுவினம் அக்கா" என்றேன். தாயாரின் திவசத்துக்கு ஊருக்குப் போய்வந்தார்.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாங்கள் எல்லோரும் 2020இல் பார்த்தோம். கொரோனா முடக்கத்தில் அரசாங்கம் 'ஜொப்கீப்பர்' என்று இரண்டு வாரத்துக்கு 1,500 டொலர் கொடுத்தது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் ஒழுங்காக வேலை செய்யாத கஷுவல் ஊழியருக்கு அது இல்லை. தற்காலிக விசாக்காரருக்கு, நியூசிலாந்துக்காரரைத் தவிர, அதுவும் இல்லை. ஒரே சமையலறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவருக்கு 1,500 டொலர், மற்றவருக்குச் சங்கம் கொடுத்த அரிசி மூட்டை. எங்களில் பலர் அந்த மூட்டைகளைக் காரில் ஏற்றி இறக்கினோம், மறந்திருக்கமாட்டீர்கள்.

இன்னுமொன்று. வெளிநாட்டு உறவினர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். இலண்டனில் இருக்கும் மைத்துனர், "கஷுவல் எண்டாலும் எங்களுக்கு லீவுக் காசு வருமே" என்பார். அங்கே அது சரி. கஷுவலாகச் செய்பவருக்கும் வருடம் 5.6 வாரத்துக்குரிய லீவுச் சம்பளம் அந்தச் சட்டத்தில் உண்டு. கனடாவில் ஒன்ராறியோவிலும் குறைந்தது 4 வீதம் விடுமுறைப் பணம் உண்டு. சொல் ஒன்று, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

மாணவப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு இடத்தில் கஷுவலாக வேலை செய்தால், வரியில்லாத முதல் 18,200 டொலர் சலுகையை ஒரு முதலாளியின் படிவத்தில் மட்டும் கேளுங்கள். இரண்டிலும் 'ஆம்' என்று அடையாளமிட்டால் வருடக் கடைசியில் கடன் வரும். அம்மா அப்பாதான் கட்டவேண்டி வரும்.

நேயர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கடைசிப் பே ஸ்லிப்பை எடுத்து மேசையில் வையுங்கள். ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். மூன்று விடயம் பாருங்கள். கஷுவல் மேலதிகக் கொடுப்பனவு தனியாகக் காட்டியிருக்கின்றதா? சுப்பர் எவ்வளவு, எந்த நிதியத்துக்கு என்று இருக்கின்றதா? நீங்கள் செய்த மணித்தியாலமும் அதில் உள்ள மணித்தியாலமும் ஒன்றா? கஷுவல் ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய அரசாங்கத் தகவல் பத்திரம் ஒன்றும் உண்டு. அது உங்கள் கைக்கு வந்ததா என்றும் தேடிப்பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் ஃபெயர் வேர்க் ஒம்புட்ஸ்மனின் தொலைபேசி 13 13 94. தமிழில் பேசவேண்டுமென்றால் முதலில் 131 450க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவர்கள் இணைத்துத் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நான் இங்கே சொன்னது பொதுவான விளக்கம். உங்கள் அவார்ட், உங்கள் ஒப்பந்தம் எப்படி என்பதை அவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அடுத்த முறை யாராவது "நான் கஷுவல் தானே" என்று சொன்னால், அந்தத் 'தானே'யை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். "நான் கஷுவல். எனக்கு இன்னது உண்டு, இன்னது இல்லை" என்று சொல்லப் பழகுவோம்.